பிறந்த ஆண்டை எடுத்துவிட்டேன்

காம்பாரில் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். நான் அங்கே நூல் பட்டியல் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் முப்பத்தெட்டுதான். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஏறியபோது முப்பத்தேழு வந்தது. கீழே இறங்கி மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. ஒருமுறை எண்ணி வந்ததை நான் நம்புவதில்லை. எதையும் மூன்று தடவை எண்ணுவேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

கூப்பிட்ட காரணத்தைச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் பெராக் ரப்பர் தோட்டங்களுக்கென்று ஆஸ்பத்திரிகள் இருந்தன. அவற்றின் பதிவேடுகளை வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்து, இணையத்தில் ஒரு தகவல் தொகுப்பாக வைத்திருந்தது. யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், என்ன நோய், பிழைத்தாரா, செத்தாரா, எல்லாம் அதில் உண்டு. எங்கள் நூலகம் அதற்குச் சந்தா கட்டியிருந்தது. ஆனால் தனியாக ஒரு மூலையில் கிடந்தால் அதை யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். நூலகத்தின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் புத்தகங்களோடு இந்தப் பதிவுகளும் சேர்ந்து வரவேண்டும். அந்த இணைப்பு வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு சிக்கல். பதிவேட்டில் தோட்டங்களுக்கு இங்கிலீஷ் பெயர். நம் ஆட்களோ ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாங்களாகவே ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள். முதலில் காடு வெட்டிய துரையின் பெயர், நுழைவில் இருந்த பாலம், கோயில் ஓரத்து மரம், இப்படி ஏதாவது ஒன்று. குடும்பத்தைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். வேலையில் இருந்தபோது நான் அந்தப் பெயர்களைச் சேகரித்து அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டிருந்தேன். அதை வைத்து இரண்டு பெயர்களையும் ஜோடி சேர்க்கவேண்டும். மொத்தம் எண்பத்தேழு தோட்டங்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் போய், நாளைக்கு ஐந்து ஆறு என்று முடித்தேன். எண்பத்தாறு வரை வந்துவிட்டேன். எண்பத்தேழாவது நான் பிறந்த தோட்டம். அதைக் கடைசிக்குத் தள்ளியது தற்செயல் இல்லை. அந்தப் பதிவேட்டைத் திறக்க எனக்குப் பயம்.

இணையச் சேவைகளுக்குப் பொறுப்பான நூலகர் தாப்பாவிலிருந்து தினமும் கார் ஓட்டி வரும் பெண்மணி, ஐம்பதை நெருங்கியவர். என் காலத்தில் கீழ்த்தளத்து மேஜையில் புத்தகம் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எண்ணுவதைப் பார்த்து அப்போதும் சிரிப்பார், இப்போதும் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை அவர் மேஜையில் உட்கார்ந்து பரிசோதனை செய்தோம். இருபது சொற்கள் எழுதி வைத்திருந்தார். பத்தொன்பதைப் போட்டாயிற்று. சில வந்தன, சில வரவில்லை, குறித்துக்கொண்டார். இருபதாவதாக என் பெயரைப் போட்டார். என் நூல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க.

திரையில் ஒரே ஆள் வந்தார். என் பெயர், என் தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு. அதன் கீழே இரண்டு வரிகள். ஒன்று என் நூல். இன்னொன்று தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு.

அவர் இரண்டாவதைத் திறந்து படித்துவிட்டுச் சிரித்தார். "சார், சிஸ்டம் ஒங்கள சாவடிச்சிருச்சு லா. ஒரு வயசு நாலு மாசத்துல."

நானும் சிரித்திருக்கவேண்டும். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படம் பக்கத்தில் திறந்திருந்தது. மேலிருந்து பன்னிரண்டாவது வரி. ஆண் குழந்தை. தொழிலாளர் லயத்தில் ஏழாவது வீடு. தகப்பன் தோட்டத்து எண் 114. காய்ச்சல். மூன்று நாள் படுக்கையில். இறப்பு. தோட்டத்தில் அடக்கம்.

நூற்றுப் பதினான்கு என்ற எண்ணை என் தகப்பனாரின் பால் வாளியில் சிவப்புச் சாயத்தில் பார்த்து வளர்ந்தவன் நான்.

நூலகர் காரணத்தை விளக்கினார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று இயந்திரம் சேர்த்துவிடும். உயிரோடு இருப்பவருடைய ஆஸ்பத்திரிப் பதிவு வெளியே தெரியக்கூடாது என்று தொகுப்பை நடத்துகிறவர்களிடம் ஒரு விதி இருந்தது. இப்படிப்பட்டவற்றை ஒரு பட்டியல் போட்டு வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்பினால் அந்தப் பதிவை நீக்கிவிடுவார்கள். பக்கத்தின் படத்திலும் அந்த வரிமேல் கறுப்புப் பட்டை விழும். ஏற்கனவே இந்த மாதிரி ஐந்து பேர் வந்திருப்பதாகவும் நான் ஆறாவது என்றும் சொன்னார். இயந்திரத்தின் கோளாறு என்பதுதான் அவர் முடிவு.

"கவலப்படாதீங்க சார், மறைச்சிருவாங்க," என்று பட்டியலில் என்னைச் சேர்த்தார்.

நான் எண்பத்தேழாவது தோட்டத்தைத் தொடாமலேயே பஸ் ஏறினேன்.

இதை இப்போது எழுதியாகவேண்டும். இயந்திரம் கோளாறு செய்யவில்லை. என்னுடைய பிறப்புச் சான்றிதழ் எனக்காக எடுத்தது அல்ல. எனக்கு முன்னே பிறந்து செத்துப்போன அண்ணனுடையது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் இப்படி நடந்தது. பிறப்பைப் பதிய டவுனுக்குப் போகவேண்டும், துரையிடம் விடுப்புக் கேட்கவேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடக் கூட்டிப்போகவேண்டும். ஒரு பிள்ளை தவறினால் சாவைப் பதிய யாரும் போகமாட்டார்கள். காகிதம் பெட்டிக்குள் கிடக்கும். அடுத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்தால் அதே காகிதத்தைக் காட்டிச் சேர்த்துவிடுவார்கள். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியே அப்படிச் செய்யச் சொல்லுவார்.

எனக்கு அடையாள அட்டை எடுக்கத் தாப்பாவுக்குக் கூட்டிப்போன அன்று, வரிசையில் நின்றுகொண்டே அப்பா சொன்னார்: "இது ஒங்கண்ணனோட சூராட்டு. அவன் இல்ல. ஒனக்குத் தனியா எடுக்கல."

சூராட்டு என்றால் அந்தப் பிறப்புக் காகிதம். எட்டுச் சொற்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதத்தில் எனக்கு எழுபத்தாறு வயது. உண்மையில் எழுபத்து நான்கு. ஐந்து வயதில் ஏழு வயதுக்காரனாகப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் நான்தான் குட்டை. இரண்டு வருடம் முன்னதாக ஓய்வு பெற்றேன். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ என் பெயரைக் கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க என்னால் முடிந்ததில்லை. வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன். காது மந்தம் என்று நினைப்பார்கள்.

அவன் பிறந்த சில நாட்களிலேயே போயிருப்பான் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். துணியில் சுற்றிய, முகமில்லாத ஒன்று. அதோடு வாழ முடிந்தது. ஒரு வயது நான்கு மாதம் என்பது வேறு. அந்த வயதில் பிள்ளை நடக்கும், பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும். அந்தப் பெயரைச் சொன்னால்.

அன்று ஈப்போவில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே ஒருவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேஜையில் எனக்கு வந்த கடிதங்கள் கிடந்தன. எண்ணினேன். ஐந்து. ஐந்திலும் அந்தப் பெயர். ஒன்றையும் பிரிக்கத் தோன்றவில்லை. மற்றவருக்கு வந்ததைப் பிரிப்பது தப்பு என்று ஓர் எண்ணம்.

புதன்கிழமை காலை ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனேன். என் அக்கா அங்கே ஆற்றோரம் மீன் இறக்கும் இடத்துக்குப் பின்னால் மகளோடு இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் சொந்தக் காகிதத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரைத் தவிர அந்த லயத்து ஆட்களில் இன்று யாரும் இல்லை. தெலுக் இந்தானில் பஸ் மாறவேண்டும். வழி நெடுகச் செம்பனை மரங்கள்தான். வரிசைகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

அக்கா வாசலிலேயே ஆரம்பித்தார். பஸ்ஸில் எத்தனை ஆள், வாசலில் எத்தனை சிலிப்பர், கணக்கு முடிந்ததா, முடிந்திருந்தால் உள்ளே வரலாம் என்றார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்தபிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அவன் செத்தது வந்திருக்கிறது, நாளை மறைத்துவிடுவார்கள் என்று.

அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு மறைக்கட்டும் என்றார். அவருக்கு என்னைவிடப் பயம். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் என் அட்டையைப் பிடுங்குவார்கள், என் பிள்ளைகளின் காகிதங்களுக்கும் ஏதாவது வரும், இந்த வயதில் ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டுமா என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் நான் இரவெல்லாம் புரண்டு யோசித்ததுதான். சரி என்று எழுந்தேன். அப்போதுதான் அதைக் கேட்டேன். அவன் நடப்பானா என்று.

"நடப்பானாவா? ஓடுவான்," என்றார். "விடியக்காலைல வேலைக்கு ஆள் கூப்புட பெரட்டு மணி அடிச்சா வாசப்படியில வந்து நிப்பான். அப்பா வேலைக்குப் போறத பாக்கணும் அவனுக்கு. பேரு சொல்லிக் கூப்ட்டா அப்படித் திரும்புவான்."

அந்தப் பெயரை அக்கா வாயால் நான் கேட்டதே இல்லை என்பது அப்போது உறைத்தது. அம்மாவும் சொன்னதில்லை. வீட்டில் நான் சின்னவன், அக்காவுக்குத் தம்பி. என் பெயரை முதன்முதலில் உரக்கச் சொன்னவர் பள்ளிக்கூட வாத்தியார்.

எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா நெரையிலதான். கடைசி மரத்துக்கடியில. அந்த மரத்த அவரு சீவவே மாட்டாரு. பட்ட சரியில்லன்னு, மரம் பாக்க வர்ற மண்டோர்கிட்ட பொய் சொல்லுவாரு."

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் பங்குக்கு முந்நூற்று எண்பது மரங்கள். பள்ளி விடுமுறையில் பால் எடுக்க நானும் கூடப் போவேன். மரத்துக்கு ஒரு மங்கு, அதில் வடிந்த பாலை வாளியில் ஊற்றவேண்டும். போகும்போது மரங்களை எண்ணுவேன், வரும்போது மங்குகளை எண்ணுவேன். மரம் முந்நூற்று எண்பது. மங்கு முந்நூற்று எழுபத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும். எங்கேயோ விட்டுவிட்டேன் என்று மறுபடி ஓடுவேன். மூன்றாம் தடவையும் குறையும். அப்பாவிடம் சொன்னால், விடு, நேரமாகுது என்பார். எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று அந்த வயதில் முடிவு செய்துகொண்டேன். அதிலிருந்து வந்ததுதான் எல்லாம். படிகள், பக்கங்கள், கடிதங்கள், மாத்திரைகள். முப்பது வருடம் நூல் பட்டியல் வேலை.

மங்கு ஒன்று குறைந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"நீ எண்ணுனது சரிதான் தம்பி," என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மறைக்கச் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. இப்போது அந்த மரமும் இல்லை, ரப்பரே இல்லை, அங்கே செம்பனை போட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது என்றார். பிறகு சிலிப்பரைத் தேடுகிறவர் போலக் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நா போயிட்டா அவன் மொகம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அந்த வரி ஒன்னுதான்."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நூலகத்தில் இருந்தேன். படிகளை எண்ணவில்லை. பஸ்ஸில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகியிருந்தது. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் பிறந்த ஆண்டைப் போட்டுப் பிரிக்கவேண்டும் என்பது பட்டியல் வேலையின் முதல் பாடம். எத்தனையோ ஆசிரியர்களுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். என் சிறுநூல் நூலகத்துக்கு வந்தபோது அதற்கும் நானே பதிவு எழுதினேன். என் அடையாள அட்டையைப் பார்த்து ஆண்டைப் போட்டேன். அண்ணனுடைய ஆண்டை. இயந்திரம் எங்களை ஒன்றாக்கியதற்கு நான்தான் கயிறு முடிந்து கொடுத்திருக்கிறேன். அந்த ஆண்டை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டால் மூன்றில் ஒன்று ஒத்துப்போகாது. நாங்கள் இரண்டு பேராகிவிடுவோம். அவன் வரி அப்படியே இருக்கும்.

ஆனால் ஒரு பதிவைத் திருத்தினால் காரணம் எழுதவேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இயந்திரம் ஏற்காது. அதுவும் என் காலத்தில் நான் வற்புறுத்திக் கொண்டுவந்த ஏற்பாடுதான்.

நூலகரிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்து நான்கு வருடத்தில் வீட்டுக்கு வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நெஜமா எழுபத்து நாலுதானா சார்? ரெண்டு வருசம் எளமையாயிட்டீங்க லா," என்றார். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மாவும் அவங்க அக்கா சூராட்டுலதான் படிச்சாங்க," என்றார்.

பிறகு என்ன நினைத்தாரோ, அனுப்பவிருந்த பட்டியலைத் திறந்தார். என்னை விட்டால் ஐந்து பேர். ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று மாதம். இரண்டு வயது. பதினோரு மாதம். நான்கு வயது. இரண்டு வயது. ஐந்தும் குழந்தைகள். ஐந்து பேரும் இந்த நூலகத்துக்கு நூலோ ஆய்வேடோ கொடுத்தவர்கள், எங்கேயோ உயிரோடு இருக்கிறவர்கள். கோளாறு என்று நினைத்து அனுப்பத் தயாராக இருந்த பட்டியலிலிருந்து நூலகர் கையை எடுத்துவிட்டார்.

"இவங்களுக்கு ஃபோன் போடணும் சார். என்னன்னு கேக்கறது?"

தங்கள் காகிதம் வேறு பிள்ளையுடையது என்று அவர்களுக்குத் தெரியாமலே கூட இருக்கலாம் என்றேன். பட்டியலை அனுப்ப இரண்டு வாரம் தவணை கேட்டு எழுதினார். அதுவரை அந்த வரிகள் எந்தப் பெயரோடும் சேராமல் தனியே நிற்கும்.

அடுத்தது என் பதிவு. உண்மையான ஆண்டைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். அதுவுமில்லாமல் நான் பிறந்த நாள் எனக்குத் தெரியாது. அம்மா ஏதோ ஒரு மழைக்காலம் என்பார். எந்தப் பதிவேட்டிலும் நான் பிறந்ததாக ஒரு வரி கிடையாது. ஆகவே எனக்கு ஆண்டு வேண்டாம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அடித்தார்.

இந்த ஆண்டு இவருடையது அல்ல. இவருடைய அண்ணனுடையது.

எனக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்தது எழுத்தில் வந்தது அதுவே முதல்முறை. அன்று மதியம் எண்பத்தேழாவது தோட்டத்தையும் ஜோடி சேர்த்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை திறந்தார்கள். நான் போகவில்லை. ஈப்போவில் என் மேஜையில் கணினியைத் திறந்து, தேடல் பெட்டியில் அந்தப் பெயரைப் போட்டேன். பழையது முதலில் வரட்டும் என்று வரிசைப்படுத்தினேன். மேலே அவன், ஆண்டோடு. ஏழாவது வீடு, 114, ஒரு வயது நான்கு மாதம். கீழே நான், ஆண்டு இல்லாமல், அறுபத்து நான்கு பக்கத்தோடு. எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னார். எங்கள் இருவரில் யாரைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

சென்ற வாரம் இரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். தாதி அந்தப் பெயரைக் கூப்பிட்டார். வழக்கம்போல நான் எழுந்திருக்கவில்லை. சுற்றியும் பார்க்கவில்லை. அவன் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எழுந்து போனேன்.